சிலேட்டுக்காரர் தேடிக் கொடுத்த பாதி மெஷின்

கோயமுத்தூரில் கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பார்த்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். கால் கழுவிவிட்டு வந்து பார்த்தவர் ஒருவர்தான். காந்திபுரத்துக் கடைகளில் அவருக்குச் சிலேட்டுக்காரர் என்று பேர். சொந்தப் பேர் யாருக்கும் தெரியாது.

அந்தத் தொண்ணூறுகளில் நான் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடையில் இருந்தேன். பத்திரிகையை மடித்து மூலையில் மஞ்சள் தடவுவது என் வேலை. நான் மடித்ததில் ஓரம் பிசகியது என்று இன்றுவரை ஒருவர் சொன்னதில்லை.

சிலேட்டுக்காரர் கக்கத்தில் பள்ளிக்கூடத்துச் சிலேட்டோடு வருவார். வந்ததும் ஏசியை அணைப்பார். "மெஷினுக்கு என்ன காய்ச்சலுங்களா?" என்பார். பிறகு பெட்டியில் காதை வைத்துக் கேட்பார். கேட்டு முடிக்கும்வரை கடையில் யாரும் இருமக் கூடாது.

எங்கள் முதலாளி உடுமலைப்பேட்டைத் தென்னந்தோப்புக்காரர். ஆவணி முகூர்த்தம் நெருங்கிவிட்டது. பதினேழு கல்யாணப் பத்திரிகை மெஷினுக்குள் இருக்கும்போது, இனி இடமில்லை என்றது மெஷின். உள்ளே சி, டி என்று இரண்டு பாகம். பத்திரிகையெல்லாம் சியில். டி சும்மா கிடந்தது. டியை எடுத்துவிட்டால் அந்த இடம் தானாகச் சியோடு சேரும் என்று நினைத்து முதலாளி அதை அழித்துவிட்டார். சேரவில்லை. டியையும் காணோம்.

முதலாளி பெட்டியைக் கழற்றி டார்ச் அடித்துத் தேடினார். "பாதி மெஷின எவனோ கழட்டிட்டுப் போயிட்டானுங்க" என்றார் சிலேட்டுக்காரரிடம்.

அவர் சிலேட்டில் இரண்டு தோட்டம் வரைந்தார். நடுவில் ஒரு வரப்பு. "தோட்டம் அங்கயேதானுங்க இருக்குது. நீங்க டியோட பட்டாவக் கிழிச்சுபோட்டீங்க. பட்டா இல்லாத நெலத்த மெஷின் கண்ணெடுத்துப் பாக்காதுங்க."

"அப்ப சியோட சேத்திருங்க."

"சேக்கோணும்னா ரெண்டையும் ஒண்ணா உழுவோணுமுங்க. பதினேழு கல்யாணமும் மண்ணோட போயிரும். டிக்குப் புதுப் பட்டா போட்டுத் தாரேன். இனி வர்றத அங்க வைங்க. சும்மா கெடந்தப்பவே அதுல வெதச்சிருக்கலாமுங்களே."

முதலாளி டார்ச்சை அணைத்து வைத்தார்.

பட்டா போட்டாயிற்று. கடைசியாகப் புது இடத்தைச் சுத்தம் செய்ய ஓர் உத்தரவு கொடுக்க வேண்டும். எந்தப் பாகத்தின் எழுத்தை அடிக்கிறாரோ, அந்தப் பாகம் துடைத்துப் போய்விடும். அதனால் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. அடிக்க வேண்டிய எழுத்தை முதலில் சிலேட்டில் பெரிதாக எழுதி வைப்பார். மெஷினில் அடித்த பிறகு, இரண்டும் ஒன்றா என்று வேறொருவர் பார்த்துச் சொன்னால்தான் கடைசித் தட்டு.

"நான் பாக்கறனுங்க" என்றார் முதலாளி.

"நீங்க வேண்டாமுங்க. படிச்சவங்க பாதியப் பாத்துட்டு மீதிய மனசுலயே படிச்சுக்குவாங்க. ஏனுங்க அம்மணி, நீங்க வாங்க. இதுல இருக்கறதுதான் அதுலயும் இருக்குதான்னு பாத்துச் சொல்லுங்க."

மஞ்சள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனேன். சிலேட்டைப் பார்த்தேன். மெஷினைப் பார்த்தேன். அவசரப்படாமல் மறுபடியும் பார்த்தேன்.

"இல்லீங்க. இதுல நாண் கட்டின வில்லு இருக்குது. அதுல அருவா இருக்குது."

முதலாளி சலித்துக்கொண்டார். "அந்தம்மாவுக்கு இங்கிலீசு என்ன தெரியும்? தட்டுங்க, நேரமாகுது."

"இங்கிலீசு தெரியாதுங்க. அருவா தெரியும்" என்றேன்.

சிலேட்டுக்காரர் திரையைக் குனிந்து பார்த்தார். இரண்டு கையையும் மெஷினிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பழக்க தோஷத்தில் டிக்குப் பதில் சியை அடித்திருந்தார். ஒரு தட்டு தட்டியிருந்தால் பதினேழு வீட்டுப் பத்திரிகையும் போயிருக்கும்.

வேறொருவராக இருந்தால் சத்தமில்லாமல் மாற்றி அடித்துவிட்டு, டீ கேட்டிருப்பார். இவர் எழுந்து நின்றார். "மொதலாளி, நான் தப்பா அடிச்சுபோட்டனுங்க. உங்க பதினேழு கல்யாணமும் இந்தம்மணி கண்ணுலதான் நின்னுச்சு."

உட்கார்ந்து மாற்றினார். "இப்ப வில்லுங்க" என்றேன். தட்டினார். கொஞ்ச நேரத்தில் காணாமல் போன இடம், உழுது போட்ட காடு மாதிரி சுத்தமாக வந்து நின்றது. முதலாளி அதைத் திறந்து திறந்து மூடினார்.

அதற்குப் பிறகு நான் சாப்பிடப் போயிருந்தால், திரும்பி வரும்வரை அவர் மெஷினைத் தொட மாட்டார். "மெக்கானிக் வந்தாச்சு, இன்ஸ்பெக்டரம்மா எங்கீங்க?" என்று முதலாளி கேலி பேசுவார். பேசட்டும்.

கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த காலத்தில் எத்தனையோ பேர் என்னிடம் காகிதத்தை நீட்டி, "இங்க போடுங்க" என்றிருக்கிறார்கள். "பாத்துச் சொல்லுங்க" என்று நீட்டியவர் அவர் ஒருவர்தான்.