எறும்பைத் திருத்தியவர்

எறும்பின் ஐந்து கால்களில் சிவப்புச் செருப்பு. ஆறாவது காலில் மட்டும் தொளதொளவென்று ஒரு நீலச் செருப்பு. பூதக்கண்ணாடியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அச்சுக்குப் போகும் எல்லாப் பக்கங்களையும் கடைசியாகப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது அந்தப் பதிப்பகத்தில் அவர் வேலை. அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு பிழையும் வெளியே போனதில்லை என்பதால் அலுவலகம் வைத்த பெயர் அது. இப்போது அவர் மேசையில் இருந்தது குழந்தைகளுக்கான படக்கதை. தானும் தப்பு செய்யாமல், மற்றவர்களையும் செய்யவிடாமல் எல்லோர் உயிரையும் வாங்கும் ஓர் எறும்பின் கதை. யாரோ ஒரு அம்மாள் புனைபெயரில் எழுதி அனுப்பியிருந்தார். முதலாளிகூட அவரிடம் தொலைபேசியில்தான் பேசியிருக்கிறார்.

"என்ன கண்றாவி இது?" என்று பக்கத்து மேசை ஓவியரிடம் கேட்டார்.

"கதையில அப்படித்தான் சார் இருக்கு. அவசரத்துல மாத்திப் போட்டுக்குது."

"தப்பே செய்யாத எறும்பு செருப்பை மாத்திப் போடுமா? ஒழுங்கா வரைங்க."

ஆறும் சிவப்பாயின. அடுத்த பக்கத்தில் எறும்பு தடுக்கி விழுந்துகொண்டிருந்தது.

"இது எதுக்கு இப்ப விழுது?"

"நீலச் செருப்பு தடுக்கித்தான் சார். அதைத்தான் நீங்க கழட்டிட்டீங்களே."

"அப்ப விழ வேண்டாம். நேரா நடக்கட்டும்."

எறும்பு நேராக நடந்தது. ஆனால் அதற்கடுத்த பக்கத்தில் தேன் ஜாடிக்குள் கிடந்தது. விழாத எறும்பு ஜாடிக்குள் எப்படிப் போகும்? ஜாடிக்கு மூடி போடச் சொன்னார். மூடி போட்டதும், எறும்பைத் தூக்கிவிட ஓடிவந்த நண்பர்களுக்கு வேலை இல்லாமல் போனது.

"இவங்க எல்லாம் ஏன் தண்டத்துக்கு நிக்கறாங்க? எடுத்துடுங்க."

"சார், கடைசியில எல்லாரும் மேல தேனை அப்பிக்கிட்டு, அந்த எறும்போட சேர்ந்து சிரிக்கறாங்க. அதான் சார் கதையே."

"அசிங்கமா இருக்கு. என் வீட்ல வந்து பாருங்க. டம்ளர் எல்லாம் அளவு வாரியா நிக்கும். துண்டு மடிப்புல ஒரு நூல் பிசகாது."

"வீட்ல ஒண்ணும் சொல்றதில்லையா சார்?"

"முன்னெல்லாம் சொல்லுவா. இப்ப வாயே திறக்கறதில்ல. திருந்திட்டா."

ஓவியர் நண்பர்களை ஒவ்வொருவராக அழித்தார். பூதக்கண்ணாடியார் கையெழுத்துப் போட்டார். புத்தகம் அச்சுக்குப் போனது.

அச்சாகி வந்த மறுநாள் முதலாளி பேயறைந்த மாதிரி உள்ளே வந்தார்.

"நேத்து என் பொண்ணுக்கு இதைப் படிச்சுக் காட்டினேன். சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்கும்னு விளம்பரம் பண்ணியிருக்கோம். அவ தேம்பித் தேம்பி அழறாய்யா. 'இந்த எறும்புகூட ஏம்ப்பா யாருமே இல்ல'ன்னு கேக்கறா. நான் என்ன சொல்ல?"

பூதக்கண்ணாடியார் புத்தகத்தை வாங்கி முதலிலிருந்து புரட்டினார். ஒரு பிழையும் இல்லை. மறுபடி புரட்டினார். கடைசிப் பக்கத்தில், மூடிய ஜாடிக்குப் பக்கத்தில், ஆறு சிவப்புச் செருப்போடு எறும்பு தனியாக நின்றுகொண்டிருந்தது. தப்பு எங்கே என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஆனால் எங்கோ இருக்கிறது என்று மூன்றாவது முறையும் புரட்டினார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு இப்படி ஆனதில்லை.

"எழுதினவங்களை வரச் சொல்லியிருக்கேன்" என்றார் முதலாளி. "அவங்க மன்னிச்சா மறுபடி அச்சடிப்போம். இல்லன்னா உங்க நாற்காலிக்கு வேற ஆளைப் பார்க்க வேண்டியதுதான்."

பூதக்கண்ணாடியார் நாற்காலியை விட்டு எழுந்தார். "நானே பேசிக்கறேன் சார். கால்ல வேணாலும் விழறேன். கதையைப் பார்த்தா இளகின மனசுக்காரங்களாத்தான் தெரியுது. பாவம், அந்த எறும்பு மாதிரி ஒரு ஆளோட குடித்தனம் பண்ணி நொந்து போயிருப்பாங்க போல."

கதவைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்த வரவேற்பறைப் பெண் பூதக்கண்ணாடியார் பக்கம் திரும்பினாள்.

"சார், கதை எழுதின அம்மா வந்துட்டாங்க. நீங்க காலையில மறந்துட்டு வந்த சாப்பாட்டையும் கையோட எடுத்துட்டு வந்திருக்காங்க."