பாங் மாளிகையில் நான் மானத்தை வாங்கிய விவரம்

யாங்சோ,
அக்டோபர் 12

பெருமதிப்புக்குரிய அக்கா அவர்களுக்கு,

தம்பி ஷூபின் பணிவோடு எழுதுவது. இங்கு நான், குய்ஃபென், மகள் சியாவ்மான் மூவரும் உடம்பளவில் சௌக்கியம். தாலியான் கடல்காற்று உன்னைப் படுத்தாமல் இருக்கிறதா, அத்தான் இருமல் மருந்தை ஒழுங்காகக் குடிக்கிறாரா என்று அறிய ஆவல். மரியாதை முடிந்தது, இனி விஷயம். நிச்சயதார்த்தத்துக்கென்று நீ வாங்கி வைத்திருக்கும் ரயில் டிக்கெட்டை உடனே ரத்து செய்துவிடு. நிச்சயதார்த்தம் நடக்காது. கெடுத்தது நான்தான். போனில் சொல்லலாம், ஆனால் நீ சிரிப்பாய். பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் சியாவ்மான் காதில் அது விழும்.

நேற்றுக் காலை மாப்பிள்ளைப் பையனின் அப்பாவும் அம்மாவும் ஜினானிலிருந்து வந்து இறங்கினார்கள். பெரியவர் ஹாவ் பெரிய ஆலையில் தலைமைப் பொறியாளராக இருந்தவர். எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுகிறார். அந்த அம்மாள் காலில் குதி உயர்ந்த புதுச் செருப்பு. நானோ முப்பத்தெட்டு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவன். நமக்கும் ஒரு கௌரவம் இருக்கிறது என்று காட்ட வேண்டாமா? "ஏரிக்கரையில டீ குடிச்சிட்டு வந்துரலாம்ப்பா" என்று சியாவ்மான் கெஞ்சியதைக் கேட்காமல், இப்போது காட்சிக்கூடமாகிவிட்ட உப்பு வியாபாரி பாங் மாளிகைக்கு எல்லோரையும் அழைத்துப் போனேன்.

"வாசப்படி உயரம், பாத்து வாங்க" என்று திரும்பிச் சொல்லும்போதே நான் அதில் தடுக்கி விழுந்தேன். அங்கேயே திரும்பியிருக்கலாம். விழுந்த வெட்கத்தை மறைக்கத்தான் வாய் நீண்டது. "எங்கப்பாவுக்கு இந்த வீட்டுல உள்ளறை வரைக்கும் போற உரிமை உண்டு. அப்பா வரலேன்னா இங்க பெரிய எஜமான் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டார். நடுக்கூடத்துல அப்பாவுக்குன்னே தனி ஆசனம்!" அக்கா, இதில் ஒரு சொல்லாவது பொய் உண்டா? சம்பந்தியம்மாள், "அடேயப்பா, பெரிய எடத்து சம்பந்தம்!" என்றாள். குய்ஃபென் என் முதுகில் கிள்ளிய இடம் இன்னும் சிவந்திருக்கிறது.

பிறகு தோட்டம். குளத்தை ஒட்டி அந்தக் கற்குன்று இருக்கிறதே, அதன் குகைக்குள் நான்தான் முன்னால் போனேன். "கண்ணைக் கட்டி விட்டாலும் இந்த ஊர்ல வழி தப்பாது" என்று வேறு சொல்லிவிட்டேன். மூன்று முறை உள்ளே போய் மூன்று முறையும் அதே குளத்தங்கரையில் வெளியே வந்தோம். "பஸ்ஸும் இப்படித்தான் ஓட்டினீங்களா?" என்று குய்ஃபென் கேட்டாள். நான்காம் முறை சம்பந்தியம்மாளின் குதி இரண்டு கல்லுக்கு நடுவே மாட்டி, இழுத்த வேகத்தில் செருப்பு பறந்து போய்க் குளத்தில் விழுந்தது. மீன்கள் தீனி என்று நினைத்து அதை முட்டி முட்டி நடுக்குளத்துக்கே கொண்டுபோய்விட்டன.

ஒற்றைச் செருப்போடு அந்த அம்மாளைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து நடுக்கூடத்து நாற்காலியில் உட்கார வைத்தோம். அங்கே எண்பது தாண்டிய ஒரு பெரியவர் கைத்தடியோடு நின்றிருந்தார். ஷாங்காயில் இருக்கும் பாங் வீட்டுப் பேரனாம், வருஷத்துக்கு ஒரு தரம் வந்து பார்த்துவிட்டுப் போவாராம். கெங் என்று என் குடும்பப் பேரைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"கெங்கா? பாதக்கத்தி கெங் மகனா நீ? அட, வாப்பா! எங்க தாத்தாவுக்குக் கால் பூரா ஆணி. உங்கப்பா வந்து செதுக்கி விட்டாத்தான் நடப்பார். இதோ, இந்த எடத்துலதான் குட்டி முக்காலி போட்டு உக்காருவார்!"

அதோடு விட்டாரா? "நீயும் கத்துக்கிட்டியா? கொஞ்சம் என் காலைப் பாரேன்" என்று அங்கேயே காலுறையைக் கழற்றினார். பஸ் வேலைக்கு முன்னால் அப்பாவிடம் மூன்று வருஷம் கத்தி பிடித்தவன் அல்லவா நான்? யோசிக்கக்கூட இல்லை, குந்தி உட்கார்ந்து அவர் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டேன். "இது ஆணி இல்லீங்க, வெறும் காய்ப்பு. செருப்பு சின்னது, மாத்துங்க" என்றேன். சுற்றிப் பார்க்க வந்த கிழவி ஒருத்தி, "எனக்கும் பாருங்க தம்பி" என்று பின்னால் வந்து நின்றாள்.

நிமிர்ந்து பார்த்தேன். சம்பந்தி முகம் ரத்தச் சிவப்பாகிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டு, வெறும் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். "கிளம்பலாம்" என்றார் சம்பந்தி. காலையிலிருந்து அவர் பேசிய ஒரே சொல். நண்டு போட்ட கறியுருண்டைக்குச் சொல்லி வைத்திருந்தேன், சாப்பிடாமலே விடுதிக்குப் போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சியாவ்மான் கேட்டாள். "தாத்தா செஞ்ச வேலையச் சொல்ல உனக்கு என்னப்பா வெக்கம்?" நம் அப்பாவை நினைத்துப் பார் அக்கா. எத்தனை பேரை வலியில்லாமல் நடக்க வைத்த மனுஷன். அவரை நான் முக்காலியிலிருந்து எழுப்பி ஆசனத்தில் உட்கார வைத்தேன், அவருக்கு அது பெருமை என்று நினைத்து.

அத்தானுக்கு என் நமஸ்காரம். பேரப்பிள்ளைகள் நோய் நொடி இல்லாமல் வளரட்டும். இந்தத் தம்பியை வெறுத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் கீழ்ப்படிதலுள்ள தம்பி
கெங் ஷூபின்

பி.கு.: மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிடு. உறையை ஒட்டும் நேரத்தில் சம்பந்திகள் வந்து நின்றார்கள். உள்ளே நுழைந்ததுமே அந்த அம்மாள், "எங்க மருமக எங்க?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். சியாவ்மான் வெளியே வந்து, சின்னதாக ஒரு சிவப்புப் புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். கல்யாணப் பதிவுச் சான்று. தேதி, மே மாதம்! "நல்ல நாள் பாக்கணும்னு ரெண்டு வருஷமா தள்ளிட்டே போனியேப்பா" என்கிறாள். சம்பந்தி இப்போது வாய் ஓயாமல் பேசுகிறார். "உளறிடுவேனோன்னு பயந்துதான் சம்பந்தி நேத்து வாயத் தொறக்கல. நீங்க அந்தக் காலை மடியில வெச்சதும் சிரிப்ப அடக்க முடியல, அதான் ஓடிட்டோம்" என்கிறார். குய்ஃபென்னுக்கும் தெரியுமாம். எல்லோருக்கும் தெரியுமாம். பதிவு அலுவலக வாசலில் எடுத்த படத்தையும் காட்டினார்கள். ஜோடிக்கு நடுவில், பூங்கொத்தோடு, பல் அத்தனையும் தெரியச் சிரித்துக்கொண்டு ஒரு அம்மாள் நிற்கிறாள். கண்ணாடி போட்டுப் பார்த்தேன். அக்கா, அது நீ!