ஒரு இருமல் என்றால் ஆமாம்

"ஒரு இருமல்னா ஆமா. ரெண்டு இருமல்னா இல்ல. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். மூணு இருமினா?"

"நான் ஏன்மா மூணு இருமப் போறேன்?" என்றார் பேராசிரியர்.

முனைவர் பட்ட ஆய்வுக்கு அவருக்கு வாய்த்த முதல் மாணவி அவள். முதல் வருட முடிவில் மூன்று பேர் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். தேறினால் ஆய்வைத் தொடரலாம். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அவளோ பாங்க் வேலையை உதறிவிட்டு நத்தை பின்னால் வந்தவள். நத்தையைப் பற்றி விடிய விடியப் பேசுவாள். கேள்வி என்று ஒன்றைக் கேட்டுவிட்டால் சொந்தப் பெயரே மறந்துவிடும். வழிகாட்டி அறையில் இருக்கலாம், வாய் திறக்கக் கூடாது என்பது விதி. இருமக் கூடாது என்று விதியில் இல்லையே. இவளைக் கரையேற்றாமல் விடுவதில்லை என்று அவர் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார்.

உள்ளே மேஜைக்குப் பின்னால் மூவர். மூலையில் அலுவலகத்து அம்மா ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"காய்ஞ்ச சுவர்லயும் நத்தையை ஏத்திப் பாத்தீங்களா?" என்று கேட்டார் தலைவர்.

பேராசிரியர் ஒருமுறை இருமினார். ஏசி காற்று தொண்டைக்குள் புகுந்து, கேட்காமலே இன்னொரு இருமலைக் கொண்டுவந்தது.

"ஆமா சார்... இல்ல சார்."

"ஏத்தினீங்களா, இல்லையா?"

பிழையைத் திருத்த அவர் மறுபடி ஒருமுறை இருமினார். மூன்றாகிவிட்டது. அவள் திருதிருவென்று விழித்தாள்.

மூலையிலிருந்த அம்மா எழுந்துவந்து ஒரு இருமல் மிட்டாயை நீட்டினார். "எப்பவும் இப்படித்தானா சார்?" என்று மெதுவாகக் கேட்டார்.

அவசரத்தில் விழுங்கிய மிட்டாய் தொண்டையில் சிக்கிக்கொண்டது. பிறகு வந்த இருமல்களை எண்ண அவளுக்கு இரண்டு கை விரல்களும் போதவில்லை. தண்ணீருக்கு அவர் அவசரமாக எடுத்துக் குடித்தது தலைவரின் டம்ளரை. சரி, தலையையாவது ஆட்டுவோம் என்று ஆட்டினார்.

"உங்களுக்குக் கழுத்துலயும் ஏதாவது கோளாறா?" என்றார் தலைவர்.

அவரை வெட்கம் பிடுங்கித் தின்றது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடினார். போச்சு, ஒரு பெண்ணின் வாழ்க்கையையே கெடுத்துவிட்டோம் என்று மனம் அடித்துக்கொண்டது.

அவள் அவரைப் பார்த்தாள். அவரிடமிருந்து ஒரு இருமலும் வரவில்லை. பிறகு நாற்காலியை அந்த மூவர் பக்கம் நன்றாகத் திருப்பிப் போட்டாள்.

"தப்பா சொல்லிட்டேன் சார். முதல்லேர்ந்து சொல்றேன். காய்ஞ்ச சுவர்ல ஏத்தினேன். ஒண்ணு மட்டும் விழல. அது ஏன்னு கண்டுபிடிக்கத்தான் எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் வேணும்."

அதன்பின் அவளை நிறுத்தத்தான் தலைவர் பாடுபட வேண்டியிருந்தது. தேறிவிட்டாள்.

வெளியே வந்ததும் பேராசிரியர் அந்த அம்மாவை ஓரமாக அழைத்துப் போனார். "நான் இருமினதை ஆபீஸ்ல சொல்லிடாதீங்கம்மா. பாவம், அவளுக்கு இது முதல் வருஷம்."

"அவளைப் பாக்க அவங்க மூணு பேர் போதும் சார். என்னை அனுப்பினதே உங்களைப் பாக்கத்தான். வழிகாட்டியா உங்களுக்கும் இது முதல் வருஷம்தானே?"