மூன்று சுற்று

"இப்ப நீ விசில் அடிச்சே" என்றாள் மோனா.

ஹெஸ்டர் உதட்டுச்சாயத்தைக் கீழே வைத்தாள். "நானா?"

"சின்னதாத்தான். ஆனா அடிச்சே. ஒப்பனை அறையில விசில்! நாடகமே படுத்துடும்னு தெரியாதா?"

தெரியும். நாடகக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். பதினாறு வருடம் தொலைக்காட்சியில் தலைமை நர்ஸாக நடித்துவிட்டு இப்போதுதான் ஹெஸ்டர் மேடைக்குத் திரும்பியிருந்தாள். இந்த நாடகம் லண்டனுக்குப் போகிறது. அவளையும் கூட்டிப்போவதா என்று பார்க்க, இன்று பிற்பகல் ஆட்டத்துக்குத் தயாரிப்பாளரே இந்த ஸ்கார்பரோ கடற்கரை ஊருக்கு வந்திருந்தார். இன்றைக்கா விசில்?

"பதறாதே. பின்கதவு வழியா வெளிய போய் மூணு சுத்து சுத்திட்டுக் கதவைத் தட்டு. நான் உள்ள கூப்பிடறேன். சரியாப் போயிடும். ஓடு, பத்து நிமிஷந்தான் இருக்கு."

மோனா நல்லவள். ஹெஸ்டருக்கு முடியாமல் போனால் அந்த வேடத்தில் மேடை ஏறுவதற்காக வைக்கப்பட்டிருந்தவள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

சந்தில், கடல்காற்றில், ஹெஸ்டர் மூன்று சுற்றுச் சுற்றினாள். திரும்பினால் பின்கதவு சாத்தியிருந்தது. தட்டினாள். பதில் இல்லை. பாவம், மோனாவுக்குக் காற்றில் கேட்டிருக்காது என்று உதைத்தாள். செருப்பின் குதிகால் கழன்று விழுந்தது.

நொண்டிக்கொண்டே முன்வாசலுக்கு ஓடினாள்.

"டிக்கெட்?" என்றார் வாசலில் நின்றவர்.

"ஐயா, நான் இதுல நடிக்கறேன்!"

"மூஞ்சில அப்பியிருக்கிறதப் பாத்தாலே தெரியுது. டிக்கெட்?"

"டிவியில பாத்ததில்லையா? தலைமை நர்ஸ்!"

சொல்லியிருக்கக் கூடாது. வரிசையே திரும்பியது.

"அட, நம்ம நர்ஸம்மா! ஒரு கையெழுத்து போடுங்க!"

"என் முட்டிவலிக்கு என்னம்மா பண்றது?"

வளைத்துக்கொண்டார்கள். உள்ளே மணி அடித்தது.

"வெந்நீர் ஒத்தடம் குடுங்க!" என்று கத்திவிட்டு வாசற்காரரின் கைக்கு அடியில் குனிந்து நுழைந்தாள். முதுகில் ஏதோ கிழிந்தது.

அரங்கக் கதவை அடைந்தபோது திரை ஏறிவிட்டிருந்தது. அவளுடைய முதல் வசனம் மோனாவின் குரலில் கேட்டது. நல்லவேளை, மோனா இருந்தாள். ஹெஸ்டருக்குக் கண் கலங்கியது.

நிகழ்ச்சிக் கையேடு விற்கும் பெண் ஒரு பிரதியை நீட்டினாள். உள்ளே ஒரு துண்டுச்சீட்டு: 'இன்று ஹெஸ்டர் வேன் அவர்களுக்கு உடல்நலமில்லை. அவர் வேடத்தில் மோனா ஆஸ்ப்ரே.'

"அதுக்குள்ள அச்சடிச்சிட்டீங்களா?"

"அதுக்குள்ளயா? நேத்து சாயங்காலமே மோனா மேடம் கொண்டாந்து குடுத்துட்டாங்களே. இப்ப உடம்பு தேவலையா?"