வரதன் பழக்கிய எலி

வரதன் பயம் அறியாத ஆள் என்பது தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருக்கிற மைசூர் மைன்ஸ் லைன் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு அவரே சொல்லிவிடுவார். பதினெட்டு வருஷமாகச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பாறைக்கு மரத்தால் முட்டுக் கொடுக்கிறவர். கீழே எலியை யாரும் அடிக்கக் கூடாது. பாறை சரியப் போவது அதற்குத்தான் முதலில் தெரியும். அது ஓடினால் ஆளும் ஓட வேண்டும். அதற்காக எல்லோரும் தங்கள் சோற்றில் எலிக்கு ஒரு பங்கு வைப்பார்கள். வரதன் வீட்டில் சொன்னது இன்னும் ஒரு படி மேலே. எலிகள் அவர் மடியில் ஏறி உட்காருமாம், கையிலிருந்து சோறு வாங்கித் தின்னுமாம், அவர் தாமதமாக வந்தால் ஒரு கிழட்டு எலி கோபித்துக்கொள்ளுமாம்.

நிஜம் வேறு. எலியைக் கண்டால் வரதனுக்குப் பயம். சுரங்கத்துக்குள் அடுக்கிய மரக்கட்டைகளின் உச்சியில் ஏறி நின்றுகொண்டு, பாதிச் சோற்றைத் தூரமாக வீசிவிட்டு, மீதியை மெல்லாமல் விழுங்குவார்.

இப்படியிருக்கையில் பெங்களூரில் வேலை பார்க்கிற மைத்துனன் வாசு ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலிலிருந்து கம்பிப் பெட்டியோடு இறங்கினான். உள்ளே பழுப்பும் வெள்ளையுமாக ஓர் உருண்டை. பெயர் ஹாம்ஸ்டராம். வெளிநாட்டு எலி. வேறு யாருக்குக் கொடுத்தாலும் பயந்துவிடுவார்கள், மாமாவுக்கென்றே தேடி வாங்கினேன் என்றான். வரதன் சிரித்தார். சிரிப்பு பல்லைத் தாண்டவில்லை.

"கையில எடுங்களேன்" என்றாள் மனைவி பாப்பம்மா.

"புது எடம். இப்போ தொட்டா மெரண்டுடும். எலி சமாச்சாரம் உனக்கு இன்னா தெரியும்?"

அவள் பெட்டியைக் கட்டிலுக்கு எதிரே அலமாரி மேல் வைத்து, கிழித்த காகிதத்தை நிரப்பினாள். உருண்டை அதற்குள் புதைந்துகொண்டது. பகலெல்லாம் தூங்கும், பழக்குகிறது உங்கள் பொறுப்பு, தினமும் கடலை கொடுங்கள் என்றாள்.

அந்த வாரம் வரதனுக்கு நைட் ஷிப்ட். பகலில்தான் தூங்க வேண்டும், அதுவும் எலிக்கு எதிரே. ஒரு கண்ணை மூடினால் இன்னொன்று பெட்டியைப் பார்த்தது. காற்றில் காகிதம் அசைந்தால் நெஞ்சும் அசைந்தது. பாப்பம்மா அடுப்படிக்குப் போனதும் இடுக்கியில் கடலையைப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கம்பி வழியே தள்ளிவிட்டு ஓடி வருவார். பிறகு அவளிடம் அளப்பார். செவ்வாய்க்கிழமை கையிலிருந்து வாங்கிக்கொண்டது. புதன்கிழமை உள்ளங்கையில் உட்கார்ந்து தின்றது. வியாழக்கிழமை தோளில் ஏறி மீசையை மோந்தது. எல்லாவற்றுக்கும் "அப்படிங்களா" என்றாள் பாப்பம்மா. மீசையை மட்டும் ஒரு தரம் உற்றுப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை வரதன் முடிவுக்கு வந்தார். எலி போக வேண்டும், பேர் போகக் கூடாது. அதுவே ஓடிவிட்டால் யார் என்ன சொல்ல முடியும்? சாயங்காலம் நாலு மணிக்கு அவள் குடத்தோடு குழாயடிக்குப் போனாள். வாசல் கதவை விரியத் திறந்து வைத்தார். துணி உலர்த்துகிற கழியால் பெட்டிக் கதவைத் தூக்கிவிட்டுக் கட்டில் மேல் தாவினார்.

எதுவும் வெளியே வரவில்லை. வந்ததை அவர்தான் பார்க்கவில்லையோ? பெட்டிக்குள் இருந்தவரை எலி ஒரே இடத்தில் இருந்தது. இப்போது பூட்ஸுக்குள் இருந்தது, அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்தது, மாட்டியிருந்த சட்டைப் பைக்குள் இருந்தது. தலையணை நடுங்கியது. அதைக் கட்டிப் பிடித்திருந்தவர் அவர்தான்.

பாப்பம்மா குடத்தோடு உள்ளே வந்தாள். பின்னாலேயே பக்கத்து வீட்டு ஐடா, இடுப்பில் ஒரு பிஸ்கட் டின்.

"இன்னாங்க கட்டில் மேல நிக்கிறீங்க?"

"எலி ஓடிப்போச்சுடி. கதவச் சாத்து. வேணாம், தொறந்தே வையி."

"இதுக்குப் போயி. கூப்புடுங்க, வந்துடும். தோள்ல ஏறுற எலியாச்சே."

அந்த நேரம் பார்த்துப் பின்னங்காலில் எதுவோ மெத்தென்று உரசியது. அவிழ்ந்த லுங்கிதான். அது தெரிவதற்குள் பதினெட்டு வருஷத்துச் சங்கதியும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டது.

"எனக்குப் பயம் பாப்பம்மா. இங்கயும் பயம், கீழயும் பயம். கட்ட மேல நின்னுக்கினுதான் தினமும் சோறு துன்றேன்."

ஐடா வாயைப் பொத்திக்கொண்டாள். பாப்பம்மா குடத்தை இறக்கி வைத்தாள்.

"எலி ஓடல. திங்கக்கிழம நீங்க ஷிப்ட்டுக்குப் போனதுமே ஐடாக்கா வூட்டுல வுட்டுட்டேன். அத நீங்க பாத்த பார்வைக்கு, பாவமா இருந்திச்சி."

"நானா?"

"எலி."

வரதன் பெட்டியை எட்டிப் பார்த்தார். "அப்போ நான் போட்ட கடலையெல்லாம்?"

"மூணு நாளா உங்க கையால வாங்கித் துன்னது நான்தான்."

அவமானம் பெரிதுதான். அதைவிடப் பெரிதாக ஒரு நிம்மதி வந்தது. எலி பெட்டியில் இல்லை, பூட்ஸில் இல்லை, இந்த வீட்டிலேயே இல்லை. வரதன் தலையணையைக் கீழே போட்டு, ஒரு காலைத் தரையில் ஊன்றினார்.

"ஐடாக்கா நாளைக்கு ஊருக்குப் போறாங்களாம்" என்று சொல்லிக்கொண்டே பாப்பம்மா பிஸ்கட் டின்னை வாங்கி மூடியைத் திறந்தாள்.

வரதன் ஊன்றிய காலைத் திரும்பக் கட்டிலுக்கு மேல் எடுத்துக்கொண்டார்.