மாப்பிள்ளை நின்ற ஒன்பது நாள்

மரியாதை வாங்கிக்கொள்வது சுலபமான வேலை என்று நினைப்பவர்கள் மாப்பிள்ளையாக இருந்து பார்க்காதவர்கள். எனக்கு அதில் முதுகே ஒடிந்தது.

அறுபதுகளின் நடுவில், எனக்குக் கல்யாணமான இரண்டாம் வருஷம், சிதம்பரத்தில் என் மாமனார் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். கடலூரில் ஆபரேஷன் செய்து ஆணி வைத்தார்கள். இரண்டு மாதம் கழித்து டாக்டர், "இனிமே தினம் நடக்கணும். படுத்தே கெடந்தா காலும் போயிடும், நெஞ்சுல சளியும் கட்டிடும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மாமனார் ரிடையரான சர்வேயர். பாதி ஜில்லாவைச் சங்கிலி போட்டு நடந்தே அளந்தவர். கட்டிலிலிருந்து கதவுவரை எட்டடி நடக்க மாட்டேன் என்றார். ஆணி கழன்றுவிடுமாம். பார்க்க வந்தவர்களும் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்து, "ஆடாம அசையாம படுங்க" என்று ஓதிவிட்டுப் போனார்கள். (பழத்தைத் தின்றது நான்தான்.)

அப்பா இனி எழுந்திருக்கவே மாட்டார் என்று என் மனைவி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியைக் கதவோரம் இழுத்துப் போட்டாள்.

"மாப்ள நிக்கும்போது அப்பா படுத்துக்கினு இருக்க மாட்டாரு. அவரே வந்து உக்கார வைக்கிற வரைக்கும் நில்லுங்க."

எனக்குக் கடலூரில் ஆபீஸ். அது விட்டதும் பாசஞ்சர் ரயிலில் நின்றுகொண்டே வந்து, நாற்காலி பக்கத்தில் மறுபடி நிற்பேன்.

"உக்காருங்க மாப்ள."

"நீங்க வந்து உக்கார வைங்க மாமா."

முதல் நாள் எழுந்து உட்கார்ந்தார். மூன்றாம் நாள் தடியை ஊன்றி நின்றார். அதற்குமேல் நகரவில்லை. ஒன்பதாம் நாள் எனக்குக் கண் இருட்டி, நாற்காலியோடு சரிந்தேன்.

"ஐயோ மாப்ள!"

விழித்தபோது நான் கட்டிலில் கிடந்தேன். மாமனார் கதவோரம் தடியோடு நின்று, "காப்பி கொண்டாங்க!" என்று கத்திக்கொண்டிருந்தார். எட்டடி நடந்தது அவருக்கே தெரியவில்லை. என் மனைவி அவர் காலையே பார்த்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, பாதி சந்தோஷத்தில், பாதி பசியில்.

அந்த நேரம் பார்த்து, மாமனார் காலைப் பார்க்க டாக்டர் அனுப்பிய புதுக் கம்பவுண்டர் உள்ளே வந்தார். "கால மடக்குங்க, பாப்போம்" என்றார். அசதியில் மடக்கிக் காட்டினேன்.

"பரவால்லியே, சீக்கிரம் கூடிடுச்சே!"

"பேஷண்டு நானு" என்றார் மாமனார். "அவுரு எங்க மாப்ள."

அதற்குப் பிறகு வெகுகாலம் தடியோடு தெருத்தெருவாக நடந்தார். அவர் போயும் வருஷங்களாகிவிட்டன. இன்றும் அந்த வீட்டில் நான் நுழைந்தால் யாரும் எழுந்து நிற்பதில்லை. மச்சான் கட்டிலைத் தட்டிப் போட்டு, "மொதல்ல படுங்க மாமா, அப்பறம் பேசலாம்" என்கிறார்.

நானும் படுத்துக்கொள்கிறேன்.