அலமாரியில் பத்து ஜாடிப் புகையிலை

மரியாதைக்குரிய மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதுவது. இங்கே நான் நலமாக இல்லை. அங்கே நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

பைப்பில் புகை பிடிப்பதை விட்டுவிட்டதாக என் மகளிடம் சத்தியம் செய்த கையோடு, பத்து ஜாடிப் புகையிலையை என் வீட்டில் கொண்டுவந்து இறக்கினீர்களே, அன்றைக்கே நான் சுதாரித்திருக்க வேண்டும். "இது வைக்க வைக்கத்தான் மாமா வாசனை கூடும். முப்பது வருஷம் ரெக்கார்டு ரூமைக் கட்டிக் காத்தவர் நீங்க. வெயில் படாம, ஈரம் ஏறாம, பூச்சி அரிக்காம ஒரு பொருளை வைக்க உங்களை விட்டா யாருக்குத் தெரியும்?" என்று நீங்கள் ஐஸ் வைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. துணி அலமாரியைக் காலி செய்து, சட்டைகளை நாற்காலிக்குத் துரத்தி, அதோடு சும்மா இருந்தேனா? பழக்கதோஷம், ஒவ்வொரு ஜாடிக்கும் எண் போட்டு, அடைத்த தேதி குறித்து, "ஐந்தாண்டுக்குத் திறக்கக் கூடாது" என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தொலைத்தேன்.

பதினேழு நாளைக்கு முன் உங்கள் மாமியார் போர்வை தேடி அலமாரியைத் திறந்தாள். "யாரோடதுங்க இது?" என்றாள். உங்களைச் சொன்னால் என் மகள் குடும்பம் என்னாவது? போதாததற்கு என் கையெழுத்து வேறு பல்லை இளிக்கிறது. "என்னோடதுதான்" என்றேன், மாப்பிள்ளை! தீக்குச்சி கிழித்தாலே இருமுகிறவன் நான்! அன்றோடு பேச்சை நிறுத்தியவள்தான். நான் வாயைத் திறந்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். மகளோ போனில், "இந்த வயசுல இது தேவையாப்பா? அவரைப் பாருங்க, ஒரே வார்த்தையில விட்டுட்டாரு" என்று உங்களையே எனக்கு உதாரணம் காட்டி அழுகிறாள். பக்கத்தில் நின்று "விடு, வயசானவரு" என்றீர்களே, காதில் விழுந்தது. மனுஷனா நீங்கள்? அவள் கட்டாயப்படுத்தி அனுப்பிய டாக்டர் என் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லையே, ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்" என்று பீதியைக் கிளப்பி அனுப்பினார். இத்தனைக்குப் பிறகும் நேற்று போனில் நீங்கள் கேட்ட ஒரே கேள்வி, "மூணாம் நம்பர் ஜாடி மூடி இறுக்கமா இருக்கா மாமா?"

பேச்சுத்துணை இல்லாமல் பைத்தியம் பிடிக்கிறது. முந்தாநாள் அடுப்பு ரிப்பேர் செய்ய வந்தவரைப் பிடித்து உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து பத்தையும் எடுத்துப் போங்கள். இல்லையென்றால் மகளிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுவேன்.

பேரக்குழந்தைகளுக்கு என் ஆசி. உங்களுக்கு இந்த முறை கிடையாது.

இப்படிக்கு,
செய்யாத குற்றத்துக்குக் கையெழுத்துப் போட்ட
மாமனார்

பின்குறிப்பு: மாப்பிள்ளை, மாமியார் எழுதுகிறேன். கடிதத்தை ஒட்டாமல் மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். ஜாடி உங்களுடையது என்று பார்த்த அன்றே எனக்குத் தெரியும். உங்கள் மனைவிக்கும் அன்று சாயங்காலமே சொல்லிவிட்டேன். போனில் அவள் அழுகிற அழகை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்கு இவர்மேல் கோபமெல்லாம் இல்லை. இவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது. என் காதுக்கு ஓய்வு கிடைத்தது இப்போதுதான். தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமை வந்துவிடாதீர்கள்.